ஆறு இருபது பஸ்ஸும் ஒரு ‘ங்க’வும்

1

நாங்கள் குடியிருக்கும் ஊரில் மனிதர்கள் பேச்சுக்குப் பேச்சு ‘மேம்’ போடுவார்கள். வட கரோலினாவில் ஒரு பழைய மில் ஊர் இது. கோயமுத்தூரில் நூற்பாலை இயந்திரங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த என் கணவருக்கு இங்கேயும் அதே மல்லுக்கட்டு கிடைத்தது. கைக்குழந்தையோடு வந்து இறங்கினோம். இந்த மாதத்தோடு பத்து வருடம் முடிகிறது. வந்த முதல் வாரம் மளிகைக் கடையில் ஒரு பெரியவரிடம் பால் எங்கே என்று கேட்டேன். அவர் சொன்னது சுத்தமான அமெரிக்க இங்கிலீஷ். என் காதில் விழுந்ததோ, “இல்லீங்க, இங்க இல்லீங்க, அந்தப் பக்கமுங்க” என்றுதான். ‘மேம்’ வந்த இடத்தில் எல்லாம் ‘ங்க’ போட்டுப் பாருங்கள், சரியாக வரும். போத்தனூரில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த ஒரு கடையே போதுமாக இருந்தது, பெட்டியைப் பிரித்துத் துணிகளை அடுக்கிவிட்டேன்.

இங்கே ஒரு சிறிய கல்லூரியில் மாணவர் நல அலுவலகத்தில் எனக்கு வேலை. வருடா வருடம் ஏப்ரலில் மாணவர் தலைமைப் பண்பு மாநாடு என்று ஒன்று நடக்கும். ஒவ்வொரு மாணவரும் மேடையேறி, தான் முன்னின்று செய்த ஒரு காரியத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். அவர்களைத் தயார் செய்வது என் பொறுப்பு. யார் கையை எங்கே வைப்பது, யார் எந்த வரியில் மூச்சு வாங்குவது என்பது வரை நான்தான் பார்ப்பேன்.

போன வாரம் ஒத்திகையில் ஜோடி என்ற பண்ணை வீட்டுப் பெண் பேசினாள். கேள்வி கேட்டால் “யெஸ் மேம்”, “நோ மேம்” என்று பதில் சொன்னாள். என்னோடு வேலை பார்க்கும் பெண்மணி வடக்கே பெரிய நகரத்திலிருந்து வந்தவர். அவர் பென்சிலால் மேசையைத் தட்டி, “அந்த மேம் எல்லாம் வேண்டாம். இப்படிப் பணிந்து பேசினால் உன்னை யார் தலைவி என்று நம்புவார்கள்?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இதே வாக்கியத்தை, வார்த்தை பிசகாமல், நான் தமிழில் சொல்லியிருக்கிறேன். கோயமுத்தூரில், பூங்கொடி என்ற பெண்ணிடம். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

தொண்ணூற்றாறு, பொங்கல் முடிந்த சமயம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்று ஆறு வாரம் விடுப்பில் ஊருக்கு வந்திருந்தேன். அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணில் கட்டோடு ரேடியோ கேட்டுக்கொண்டு அவர் பாட்டுக்கு இருந்தார், எனக்குத்தான் பொழுது போகவில்லை. நான் படித்த பெண்கள் கல்லூரிக்கு ஒரு நடை போய்வரலாம் என்று கிளம்பினேன். அங்கே என் பழைய பேராசிரியை பிரின்சிபால் ஆகியிருந்தார். பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஸ்டெல்லா, நல்ல நேரத்துல வந்தே. அடுத்த மாசம் நம்ம ஆடிட்டோரியத்துல இன்டர் காலேஜ் லீடர்ஷிப் கான்ஃபரன்ஸ். நீ ஃபாரின்ல இதேதானே பண்றே? நம்ம புள்ளைங்க நாலு பேரைக் கொஞ்சம் தேத்திவிடு.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்தாறு வருடம் வெளிநாட்டில் கற்ற வித்தையை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைத்ததே என்று அன்றைக்கே வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

நான்கு பேரில் மூன்று பேர் நகரத்துப் பெண்கள், சமாளித்துக்கொள்வார்கள். நான்காவது பூங்கொடி. இரண்டாம் வருடம் பி.எஸ்ஸி. கணிதம். அன்னூரில் இருந்து உள்ளே ஆறு கிலோமீட்டர் போக வேண்டிய ஊர். முதல் நாளே ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாள், செருப்பெல்லாம் புழுதி. உலகத் தலைவர்களின் பொன்மொழிகளை நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். நான் தாள்களை வாங்கி ஓரமாக வைத்தேன்.

“இதெல்லாம் மத்தவங்க சொன்னது. நீ என்ன செஞ்சே, அதைச் சொல்லு.”

“நான் ஒண்ணும் செய்யலீங்க மேடம்.”

“சரி, ஏன் லேட்?”

“பஸ்ஸு இல்லீங்க. ஆறு இருபதுக்கு ஒரு பஸ்ஸு வருமுங்க எங்கூருக்கு. ஆறு மாசமா நிறுத்திப்போட்டாங்க. அன்னூர் வரைக்கும் நடந்து வந்து அடுத்த பஸ்ஸப் புடிச்சா ரெண்டாவது ஹவருக்குத்தானுங்க வர முடியுது.”

மெல்ல மெல்ல மீதியும் வந்தது. அந்த பஸ்ஸை நம்பிப் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருந்து பதினோரு பெண்கள் கோயமுத்தூர்க் கல்லூரிகளுக்கு வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேர் ஏற்கெனவே நின்றுவிட்டார்கள். மீதி ஒன்பது பேருக்கும் தினமும் முதல் மணி நேரத்து வருகை போய்க்கொண்டிருந்தது. இப்படியே போனால் வருகைப் பதிவு போதாமல் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வராது. ஹால் டிக்கெட் வராவிட்டால் வீட்டோடு இருந்துகொள் என்று பூங்கொடியின் அப்பா சொல்லிவிட்டார். அவர் கோபக்காரர் இல்லையாம், கணக்காகப் பேசுகிறவராம்.

“நீங்க யாரும் எதுவும் பண்ணலையா?”

“மனு குடுத்தமுங்க. மூணு தடவ. எல்லாரு ஊட்டுக்கும் போயிக் கையெழுத்து வாங்கினனுங்க. எரநூத்திச் சொச்சம் இருக்குமுங்க.”

“இதுதானே நீ செஞ்சது!” என்று நான் கத்தியதில் பக்கத்து அறையில் இருந்து எட்டிப் பார்த்தார்கள்.

அவள் விளங்காமல் விழித்தாள். “அது பஸ்ஸுக்குங்க மேடம்” என்றாள்.

3

அந்த மாநாட்டு அழைப்பிதழின் அச்சுப்பிரதியை அன்று மாலை பிரின்சிபால் என்னிடம் காட்டினார். சிறப்பு விருந்தினர் பெயரைப் பார்த்து நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பஸ் டிப்போக்களுக்கு எல்லாம் மேலே இருக்கும் பெரிய அதிகாரி. நன்கொடை விஷயமாகவோ மகள் சேர்க்கை விஷயமாகவோ கூப்பிட்டிருப்பார்கள், எனக்கென்ன. அந்த பஸ்ஸை நிறுத்தவும் விடவும் கையெழுத்துப் போடுகிறவர் ஒன்றரை மணி நேரம் எங்கள் மேடையில் உட்காரப் போகிறார். ஒன்பது பெண்களின் படிப்பு ஐந்து நிமிடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றியதும் பிடிவாதம் வந்துவிட்டது.

முதலில், மனு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள பூங்கொடியோடு அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு கிளார்க். நான் அமெரிக்கத் தோரணையில் நேராக நிமிர்ந்து நின்று, “இந்த ஃபைல் யாரிடம் இருக்கிறது? உங்கள் மேலதிகாரி பெயர் என்ன?” என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏனுங்க, வெளியூருங்களா?”

சொந்த ஊரில் என்னைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பதிவேட்டை மூடிவிட்டு டீக்கு எழுந்தார். பூங்கொடி முன்னால் வந்தாள்.

“போயி டீ குடிச்சுப்போட்டு வாங்கண்ணா. ஒண்ணும் அவசரமில்லீங்க. நாங்க இங்கயே உக்காந்திருக்கமுங்க.”

உட்கார்ந்தாள். அவர் வந்ததும் எழுந்து நின்று, “டீ ஆச்சுங்களா?” என்றாள். பிறகு, “ஃபைல் நெம்பரு மட்டும் சொல்லிப்போடுங்கண்ணா” என்றாள். அவர் முடியாது என்றார். “சரிங்க” என்று மறுபடியும் உட்கார்ந்தாள். பத்து நிமிடம் கழித்து எழுந்து அதையே கேட்டாள், அதே குரலில், ஒரு ‘ங்க’ குறையாமல். நான்காவது தடவை அவர் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் வசூல் இல்லை என்று நிறுத்தியது, திரும்ப விடச் சொல்லிக் குறிப்பு போயிருக்கிறது, கையெழுத்துதான் பாக்கி என்ற விவரத்தையும் சொன்னார்.

இதை நேரில் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். அலுவலகத்துக்கு அது சரி, மேடைக்கு ஆகாது என்று முடிவு கட்டினேன்.

4

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். நானும் அமெரிக்கா வந்த புதிதில் வாய்தவறி நிறைய அசடு வழிந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மாலை கிளம்பும்போது, நம் வழக்கப்படி, போய்விட்டு வருகிறேன் என்பதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நான் திரும்பி வருவேன் என்று அங்கே ஒருவர் கதவைப் பூட்டாமல் அரை மணி நேரம் காத்திருந்தார். அன்றில் இருந்து ஒவ்வொரு சொல்லாக உதறினேன். உதற உதறத்தான் மதிப்பு வந்தது என்று நம்பினேன்.

என் மகள் ரூத்துக்கு உதற எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், “தாத்தா, நீ எப்படி இருக்க?” என்பாள். போத்தனூரில் என் அப்பா, பேத்தியிடம், “நல்லாருக்கேனுங்க கண்ணு, நீங்க சாப்பிட்டீங்களா?” என்பார். தாத்தா எதற்கு என்னிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறார், நான் ஏதாவது தப்புச் செய்தேனா என்று அவள் ஒரு நாள் என்னைக் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு பாத்திரம் கழுவினேன்.

அந்த நான்தான் பூங்கொடிக்குப் பயிற்சி கொடுத்தேன். இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்றேன். அவளுக்கு இங்கிலீஷ் வரும், ஆனால் ‘ங்க’ சேர்ந்தே வரும். “ரெஸ்பெக்டட் ஜட்ஜஸுங்க” என்று ஆரம்பித்தாள். “பஸ் இஸ் நாட் கமிங்குங்க” என்றாள். மற்ற மூன்று பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

“இந்த ங்கவை விடு. இப்படிப் பணிந்து பேசினால் உன்னை யார் தலைவி என்று நம்புவார்கள்?”

“பணியலீங்களே மேடம். சும்மா பேசறனுங்க.”

“அதேதான். விடு.”

மூன்று வாரம். கல்லூரியில் ஓவர்ஹெட் புரொஜக்டர் ஒன்று இருந்தது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி அதன் மேல் வைத்தால் திரையில் பெரிதாக விழும். வழித்தடத்தை வரைந்தோம், நடக்கும் தூரத்தைக் குறித்தோம், கையெழுத்துக்களின் எண்ணிக்கையைப் போட்டோம். ஒவ்வொரு ‘ங்க’வுக்கும் மேசையைத் தட்டினேன். தட்டத் தட்ட அது குறைந்தது. ஐந்து நிமிடத்தில் முதல் மணி, உடனே உட்கார வேண்டும், இரண்டாவது மணி அடித்தால் மதிப்பெண் வெட்டு என்று சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்யவைத்தேன். கடைசி ஒத்திகையில் நான்கு நிமிடம் ஐம்பது விநாடியில், ஒரு ‘ங்க’ கூட இல்லாமல் முடித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் முகத்தில் எதுவும் இல்லை என்பதைக் கவனித்தேன், பயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

5

மாநாட்டன்று ஆடிட்டோரியம் நிறைந்திருந்தது. பல கல்லூரிகளில் இருந்து வந்த பிள்ளைகள், பேராசிரியர்கள், பின்வரிசையில் பெற்றோர்கள். மேடையின் ஓரத்தில் சிறப்பு விருந்தினர். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், எல்லோருக்கும் கைதட்டினார், நடுநடுவே கையில் இருந்த காகிதங்களையும் பார்த்துக்கொண்டார்.

பூங்கொடி ஒன்பதாவதாக வந்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே நின்றாள், சொல்லிக்கொடுத்தபடியே பார்த்தாள். இங்கிலீஷில் ஒரு பிழை இல்லை. ஆனால் பேச்சில் உயிரில்லை. யாரோ எழுதிக் கொடுத்த சுற்றறிக்கையை வாசிக்கிற மாதிரி இருந்தது. எழுதிக் கொடுத்தவள் நான்தான். மூன்றாவது வரிசையில் இரண்டு பையன்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இத்தனை நாள் உழைப்பும் என் கண்ணெதிரே வீணாகிக்கொண்டிருந்தது.

நன்றி சொல்லி முடித்தாள். முதல் மணி அடித்தது. அதிகாரி மைக்கைத் தன் பக்கம் இழுத்து, தமிழில், “நல்லாப் பேசினேம்மா. நல்ல முயற்சி. அந்த பஸ் விஷயம் பார்க்கலாம்” என்றார். கைதட்டல். அடுத்த மாணவியின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பூங்கொடி நகரவில்லை.

“எப்பங்க பாப்பீங்க?”

கொல்லென்று சிரிப்பு. அதிகாரியும் சிரித்தார்.

“அதெல்லாம் ஆபீஸ்ல வந்து பேசும்மா.”

“ஆபீஸுக்கு வந்தமுங்க. மூணு தடவ வந்தமுங்க. சார் கேம்ப் போயிட்டாருன்னு சொன்னாங்க. இன்னிக்குத்தானுங்க உங்கள நேர்ல பாக்கறோம்.”

இரண்டாவது மணி அடித்தது. நான் எழுந்து நின்று, உட்கார் உட்கார் என்று கையால் சைகை காட்டினேன். அவள் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பிறகு முகத்தை அதிகாரி பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“மனு ஏதாவது குடுத்திருக்கீங்களா?” என்றார் அவர்.

“குடுத்திருக்கமுங்க. ரசீது இருக்குதுங்க.” இடுப்பில் செருகியிருந்த சின்னப் பையில் இருந்து மடித்த ரசீதை எடுத்துப் புரொஜக்டரின் மேல் வைத்தாள். காகிதத்தில் வெளிச்சம் புகாது, திரையில் கறுப்பாக ஒரு சதுரம்தான் விழுந்தது. மறுபடியும் சிரிப்பு. “இருங்க, எழுதிப்போடறேன்” என்று வெற்றுப் பிளாஸ்டிக் தாள் ஒன்றை வைத்து, ஸ்கெட்ச் பேனாவால் ஃபைல் எண்ணை எழுதினாள். சுவர் உயரத்துக்கு அந்த எண் திரையில் எழுந்து நின்றது. “கையெழுத்துதான் பாக்கின்னு சொன்னாங்க. உங்க கையெழுத்துங்க.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. குசுகுசுத்த பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரிம்மா. திங்கட்கிழமை வரும்.”

“எத்தன மணிக்குங்க?”

“பழைய டைம்தான்.”

“ஆறு இருபதுங்க.” திரையில் எழுதினாள்: திங்கள் 6.20. “திங்கக்கெழம வல்லீனா யாரக் கேக்கறதுங்க?”

“என்னையே கேளும்மா.”

“உங்க ஊட்டு ஃபோன் நெம்பருங்க?”

அவர் மேடையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், எங்கள் பிரின்சிபாலைப் பார்த்தார். பிரின்சிபால் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் அதிகாரி எண்ணைச் சொன்னார். ஒவ்வொரு எண்ணாக அவள் திரையில் எழுதினாள். எழுதி முடித்து, “சரிங்களா? ஒரு தடவ பாத்துச் சொல்லிப்போடுங்க” என்றாள். அவர் திரும்பித் திரையைப் பார்த்து, சரி என்று தலையாட்டினார். அந்த ஆடிட்டோரியத்தில் பேனா வைத்திருந்த அத்தனை பேரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

“ரொம்ப நன்றிங்க” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள்.

நேரம் கடந்ததற்காக மதிப்பெண் வெட்டினார்கள், பரிசு வேறு கல்லூரிக்குப் போனது. என் அருகில் வந்து உட்கார்ந்ததும் அவள் தாழ்ந்த குரலில், “மணி அடிச்சதுக்கப்பறமும் பேசிப்போட்டனுங்க மேடம். கோவமுங்களா?” என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று வாரம் மேசையைத் தட்டித் தட்டி நான் எதை அவளிடம் இருந்து பிடுங்கப் பார்த்தேன் என்று அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

6

திங்கட்கிழமை நான் அங்கே போகாமல் இருந்திருக்க முடியாது. அப்பாவின் காலைக் காப்பியைக்கூட அவரையே போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒரு அம்பாசடர் காரைப் பிடித்து அன்னூர் தாண்டி உள்ளே போனேன். பனி இறங்கியிருந்தது. ஊர் முனையில் ஒன்பது பெண்களும் நின்றிருந்தார்கள். நின்றுபோன இருவரில் ஒருத்தியும் பையோடு வந்திருந்தாள். சந்தைக்குக் கத்தரிக்காய்க் கூடையோடு இரண்டு அம்மாக்கள். பூங்கொடியின் அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார், என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

ஆறு இருபது ஆனது. வரவில்லை. ஆறு இருபத்தைந்து. கத்தரிக்காய் அம்மா ஒருவர், “எனக்குத் தெரியுமுங்க, சும்மா சொல்லியிருப்பாங்க” என்றார். நான் ஜெபம் செய்ய ஆரம்பித்தேன். ஆறு இருபத்தேழுக்குச் சாலைத் திருப்பத்தில் விளக்கு வெளிச்சம் தெரிந்தது.

பஸ் நின்றதும் கண்டக்டர் படியில் இருந்து எட்டிப் பார்த்தார். “யாருங்க அந்தப் பூங்கொடி?”

“நாந்தானுங்கண்ணா.”

“நல்ல வேல செஞ்சம்மா. சனி ஞாயிறு ரெண்டு நாளும் பெரியவரு ஊட்டுல ஃபோன் ஓயலையாமா. அன்னூரு பஸ்ஸு திங்கக்கெழம வருதுங்களான்னு ஊரே கேட்டுருக்குது. நேத்து மத்தியானமே டிப்போக்கு ஆளனுப்பிப்போட்டாரு.”

“நானும் ஒரு தடவ கேட்டனுங்க” என்றாள் பூங்கொடி.

எல்லோரும் ஏறினார்கள். அவள் அப்பா சைக்கிளைத் திருப்பினார், ஆனால் போகவில்லை. நானும் காரை அனுப்பிவிட்டு அதே பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். மூன்று வாரம் என்னிடம் இங்கிலீஷ் பேசிய பெண் முன் சீட்டில் உட்கார்ந்து, டிக்கெட் கொடுத்துக்கொண்டு வந்த கண்டக்டரை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏனுங்கண்ணா, பொழுதோட திரும்பி வாரதுக்கும் ஒரு பஸ்ஸு இருந்துச்சுங்களே, அஞ்சேகாலுக்கு. அது எப்பங்க உடுவாங்க?”

“அதப் பத்தி எனக்கெதுவும் தெரியாதும்மா. காலைல போறதுக்கு மட்டுந்தான் சொல்லியிருக்காங்க.”

பூங்கொடி பையைத் திறந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தாள்.

“சரிங்க. யாருக்குங்க தெரியும்?”